பத்திரத்தில் விட்டுப்போன வண்டித் தடம்

தம்பி,

உன் முகாமுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் கோப்பில் வைப்பதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாய். முப்பத்தெட்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பத்திரம் எழுதிய மனிதர், வேலையில் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று சொன்னால் கம்பெனிப் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்றாய். ஒரு அப்பா மகனுக்கு எழுதுவது போல இருக்கட்டும், அப்போதுதான் கடைசி வரை படிப்பார்கள் என்றும் சொன்னாய். நான் மகனுக்கே எழுதிவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. இந்த வருஷத்தோடு என் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடப் போகிறேன் என்பதால், தொழிலைப் பற்றி நான் எழுதுவது இதுவே கடைசியாக இருக்கலாம். படித்துவிட்டு, கோப்பில் வைப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். எனக்கு இரண்டும் சம்மதம்.

வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் உன் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நீ பெங்களூரில் ஏழு வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தாய். ஒருநாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டி, மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, மனதைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நீ கவனித்தாய். கவனப் பயிற்சி என்று ஒன்றைக் கற்றுக்கொண்டாய், அது உன்னைத் தூங்க வைத்தது, சாப்பிட வைத்தது. பிறகு அதையே மற்றவர்களுக்குக் கற்றுத்தர ஆரம்பித்தாய். இப்போது கம்பெனிகள் தங்கள் ஆட்களை வேனில் ஏற்றி உன்னிடம் அனுப்புகின்றன. பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் உன் அம்மா, "கம்பெனி ஆளுங்களுக்கு மூச்சு வுடச் சொல்லித் தர்றான்" என்பாள். அதுவரைக்கும் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. நான் கேட்டதில்லை. இருபத்தெட்டு வயதில் உன் கை நடுங்கியதைப் பார்த்தவன் நான். நடுக்கம் நின்றதையும் பார்த்தேன். ஒரு வித்தை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவையில்லை.

எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் பார்க்க வேண்டும். மனம் எங்கேயாவது போனால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நான் அதை ஆபீஸ் நாற்காலியிலேயே செய்து பார்த்தேன். மூன்றாம் நாள், தானப் பத்திரம் எழுத வந்த ஒருவர் என் நிலையைப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் பின்வாங்கி, ரைட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். நான்கு பேர் ஓடி வந்தார்கள். நான் கண்ணைத் திறந்தபோது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன். நன்றாகவே இருக்கிறது. இது எந்த இடத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீ எதிர்பார்த்த இடம் அல்ல.

போன ஆடியில், பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே மலையைப் பார்த்தாற்போல இருக்கும் மாரப்பனின் நிலத்தை நீ வாங்கினாய். மாரப்பன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மகன் திருப்பூரிலேயே தங்கிவிட்டதால் விற்றுவிட்டான். சொந்த மகனுக்கு நானே பத்திரம் எழுதினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று நான் விலகிக்கொண்டேன். உன் பெங்களூர் வக்கீல் எழுதினார். அழகான காகிதம். நிலத்துக்கு நடுவில் ஒரு கூடம் கட்டி, சுற்றிலும் மூங்கில் வைத்து, வாரக் கடைசியில் முகாம் நடத்த ஆரம்பித்தாய். உன் நிலத்துக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் பழனியம்மாவுடையது. வீட்டுக்காரர் போன பிறகு தனியாளாக உழைத்து மாரப்பனிடமிருந்து வாங்கிய நிலம். அங்கேயே ஒரு ஓட்டு வீடு, ஒரு கொட்டகை, மூன்று கறவை மாடு, மீதியெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. ரோட்டுக்கு வர வேண்டுமானால் உன் நிலத்தின் கிழக்கு ஓரமாகப் போகும் வண்டித் தடத்தில்தான் வர வேண்டும். பதினைந்து வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்.

உன்னுடைய முதல் முகாமை அவர் வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். இருபது பேர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு அடி வைக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு, தடத்தில் நடந்திருக்கிறார்கள். ஏதோ நகை தொலைந்துவிட்டது என்று நினைத்து, பால் கேனை இறக்கி வைத்துவிட்டு அவரும் குனிந்து தேடியிருக்கிறார். தோடா, மூக்குத்தியா என்று இரண்டு மூன்று பேரைக் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லையாம். மௌன நேரம் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஆளுக்கு ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து ஐந்து நிமிஷம் மெல்லச் சொன்னாயாம். "அத்தன தூரத்துல இருந்து வந்த புள்ளைங்க ரைட்டரண்ணா, ஆளுக்கு ஒரு கையாவது குடுக்கச் சொல்லுங்க உங்க பையன" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். உன் மேல் கோபமே இல்லை. உனக்குப் பண முடை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கோபம் உன் பக்கத்திலிருந்துதான் வந்தது. காலை ஐந்தரைக்குப் பால் கேன் சத்தம். மாட்டைப் பெயர் சொல்லித் திட்டும் சத்தம். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே வரும் சாண வாசனை. பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்கள் என்றாய். சத்தத்தைச் சத்தமாக மட்டும் கவனியுங்கள் என்று நீ சொல்லித்தருவதை அவர்களிடம் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டேன். அது மூன்றாம் கட்டப் பயிற்சி, இவர்கள் முதல் கட்டம் என்றாய். ஐப்பசியில் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, தடம் ரோட்டில் சேரும் இடத்தில் கேட் வைத்துப் பூட்டினாய். பூட்டுவதற்கு முந்தைய நாள் எனக்குப் போன் செய்தாய், அதை மறுக்க மாட்டேன். அங்கே பழனியம்மாவுக்குத் தடப்பாத்தியம், அதாவது அந்தத் தடத்தில் போகவர உரிமை இருக்கிறது, பத்திரத்திலேயே இருக்கிறது, எழுதியவன் நான் என்று சொன்னேன். வக்கீல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், அப்படி ஒன்றுமில்லை என்றாய். "எமோஷனலாப் பாக்காதீங்கப்பா. டாக்குமெண்ட்ல என்ன இருக்கோ அதானே" என்றாய். பத்திரத்தில் இருப்பதுதான் நிலம், மற்றதெல்லாம் பேச்சு என்று உனக்குப் பத்து வயதிலிருந்து சொல்லி வந்தவன் நான்தான். மறுநாளே உன் வக்கீலைத் தலைகுனிய வைக்கும் உத்தேசத்தோடு, பழனியம்மாவின் பத்திரத்துக்கு நகல் மனுப் போட்டேன்.

நகல் வந்தது. சொத்து விவரம் இருந்தது. நான்கெல்லை சரியாக இருந்தது. கிணற்றில் பாதிப் பங்கு இருந்தது. அதற்கு அடுத்த வரியாக வர வேண்டிய தடப்பாத்தியம் இல்லை. கடைசியில் எழுதியவர் என்று என் பெயரும் உரிம எண்ணும் கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து மிக நன்றாக விழுந்திருந்தது.

அதை எழுதிய நாளைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று மாரப்பனும் பழனியம்மாவும் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்று காலைதான் உன் பிளஸ் டூ முடிவு. நீ பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. போனை கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தேன். எங்கள் தொழிலில் யாரும் ஒவ்வொரு பத்திரத்தையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. முன்னால் எழுதிய ஒன்றைத் திறந்து, பெயர்களை மாற்றி, சர்வே எண்ணை மாற்றி, எல்லைகளை மாற்றுவோம். அன்று திறந்தது ரோட்டோர மனை ஒன்றின் பத்திரம். ரோட்டோர மனைக்குத் தடப்பாத்தியம் தேவையில்லை என்பதால் அதில் அந்த வரி கிடையாது. நான்தான் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்துவிட்டதாக இந்த ஐப்பசி வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை இரண்டு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதுதான் பத்திரம். பல பேர் அதைச் சடங்காகச் செய்வார்கள். நான் விட்டதே இல்லை, அன்றும் விடவில்லை. படித்துக்கொண்டே போனேன். கிணற்றுப் பங்கு முடிந்ததும் என் வாய் நிற்காமல் தொடர்ந்தது: "மேற்படி நிலத்துக்குப் போகவர, மாரப்பன் நிலத்தின் கிழக்கோரம் தென்வடலாக உள்ள பத்தடி அகல வண்டித் தடத்தில், ஆள், மாடு, வண்டி வாகனம் நடக்கும் மாமூல் தடப்பாத்தியமும் உள்பட." அந்த வரி காகிதத்தில் இல்லை. முந்தின நாள் மாரப்பனின் மூலப் பத்திரத்தைப் பார்த்துக் குறிப்பு எடுத்திருந்தேன், அது தலையில் இருந்தது. இருபத்து மூன்று வருஷப் பழக்கம் அதை வாயில் கொண்டுவந்து கொடுத்தது. கண் காகிதத்தில்தான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. மனம் போனிலேயே இருந்தது. மாரப்பன் தலையை ஆட்டினார். பழனியம்மா மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நான் மறுபடியும் அதே வரியை, அதே ஏற்ற இறக்கத்தோடு, இல்லாத இடத்திலிருந்து படித்தேன். பத்தேகாலுக்குப் போன் அடித்தது. நல்ல மார்க். எல்லோருக்கும் டீ சொன்னேன்.

உன் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ செய்த ஒரே காரியம் பாஸ் ஆனதுதான். மாரப்பன் இருந்தவரைக்கும் தன் வாய்ப் பேச்சைக் காப்பாற்றினார், அவர் போன பிறகு அவர் மகனும் மறிக்கவில்லை. அதனால் என் எழுத்துப் பிழை வெளியே தெரியவில்லை. பத்திரத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்லி வந்த தத்துவத்துக்கு நேர் எதிராகத்தான் அந்த நிலம் பதினைந்து வருஷம் நடந்தது.

நீ கேட்டைப் பூட்டிய மூன்றாம் நாள் பழனியம்மா ஜவுளிக்கடைப் பையில் பத்திரத்தைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கு என்னிடம் சந்தேகமே இல்லை. பையனிடம் எடுத்துச் சொல்லுங்கள், பத்திரத்தைக் காட்டுங்கள் என்றுதான் வந்தார். பாலை ஓடை வழியாகச் சுமந்துகொண்டு போகிறாராம். மாடு அந்தச் சரிவில் இறங்க மறுக்கிறதாம். தை பிறந்தால் கிழங்கு பிடுங்க வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் மில்லுக்குப் போகாவிட்டால் கறுத்துவிடும், டிராக்டர் உள்ளே வந்தாக வேண்டும், ஓடையில் டிராக்டர் இறங்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பத்திரத்தை நீட்டினார். அதில் தடம் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க படிச்சீங்களே, நான் கேட்டனே" என்றார். பிறகு அந்த வரியை, கிழக்கோரம் தென்வடல் பத்தடி ஆள் மாடு வண்டி வாகனம் என்று, ஒரு சொல் பிசகாமல் என்னிடமே சொல்லிக் காட்டினார். என் ஏற்ற இறக்கம் கூட அப்படியே இருந்தது.

நீ கற்றுக்கொடுத்தது எனக்குக் கைகொடுத்தது இந்த இடத்தில்தான். முதுகை நிமிர்த்தினேன். மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே விட்டேன். படபடப்பு அடங்கியது. மிக நிதானமான குரலில், மாரப்பன் கடைசி நேரத்தில் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். படித்த பிறகு எடுக்கச் சொன்னார், ராகு காலம் வந்துவிட்டதால் உங்களிடம் சொல்ல நேரமில்லை, நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று சொன்னேன். எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷ வேலையில் நான் முழுக்கவனத்தோடு பேசிய பேச்சுகளில் அதையும் சேர்க்க வேண்டும். கவனம் சிதறியதால் நான் செய்தது ஒரு வரியை விட்டது மட்டும்தான். மற்றதைக் கவனம் சிதறாமல்தான் செய்தேன்.

பழனியம்மா பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். நேராக பஸ் ஏறிப் பொம்மிடிக்குப் போயிருக்கிறார். மாரப்பனின் மனைவி இப்போது அங்கே மகள் வீட்டில்தான் இருக்கிறார். அந்த வீட்டு வாசலில் நின்று, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூட இருந்தே கழுத்தறுத்ததாகப் பேசி, கீழே குனிந்து மண்ணை வாரி வீட்டைப் பார்த்து வீசிவிட்டு வந்துவிட்டார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உன் பெங்களூர்க்காரர்கள் யாராவது கேட்டால் சொல். அந்த வீடு விளங்கக் கூடாது என்று அர்த்தம். உள்ளே ஆறு மாதக் குழந்தை இருந்தது.

இது உன் அம்மா காதுக்கு வந்து, என்னிடம் வந்தது. மாரப்பன் அப்படிச் செய்கிற ஆளா என்று கேட்டாள். யாரைப் பற்றியும் நாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "உங்களப் பத்தி முடியும். நீங்க இப்ப சட்ட பட்டன தப்பாப் போட்டிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பார்த்தேன். தப்பாகத்தான் போட்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷமாக என்னைக் கவனித்து வருகிறவளுக்கு முகாம் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஓடை வழியாகப் பழனியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் எந்த வழியாக நடக்கிறாரோ அதே வழி. தடத்தில் நான்கு நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு எனக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வேட்டி முழங்கால் வரை நனைந்தது, ஒரு இடத்தில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. கையில் கேன் இல்லாத எனக்கு அவ்வளவு. அவர் மாட்டுக்கு அருகே உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மாரப்பன் எடுக்கச் சொல்லலம்மா. நாந்தான் எழுதாம வுட்டுட்டேன். வாயில படிச்சது பேப்பர்ல இல்ல. அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னது பொய்."

கறப்பது நிற்கவில்லை. குவளை நிறைந்து, அதைக் கேனில் ஊற்றி, மடியைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு வேண்டிய பதில்களை ஓடையிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை.

"அந்தக்கா வூட்டு வாசல்ல மண்ண வாரி வுட்டுட்டு வந்துட்டனேங்க. அத யாரு திருப்பி அள்றது?"

தடத்தைப் பற்றிப் பேசலாம் என்று ஆரம்பித்தேன். தடம் எங்கேயும் போய்விடாது, முதலில் பொம்மிடிக்கு வாருங்கள் என்றார். மாட்டைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பெண்கள் பக்கம் அவரும் பின்னால் நானுமாகப் போனோம். அந்த வீட்டுக்குள் அவர் போகவில்லை. வாசலில் நின்று, நான் பேசி முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு மாரப்பனின் மனைவியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள், குழந்தையைக் கொண்டுவந்து பழனியம்மாவின் மடியில் வைத்தார்கள். அவர்களுக்குள் அது முடிந்துவிட்டது. எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மோர் வந்தது. குடித்து முடித்த பிறகு மாரப்பனின் மனைவி என்னைப் பார்த்து, சாதாரணமான குரலில், மரியாதையாகவே சொன்னார்: "செத்தவரு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருன்னுதானுங்க சொன்னீங்க."

நான் ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டோம்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், வேலையில் கவனமாக இருப்பது எப்படி என்பது. தொழில் புதிதில் நான் தப்பே செய்ததில்லை. பயத்தில் ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்துப் படிப்பேன். தப்பு வந்தது நன்றாகத் தெரிந்த பிறகு. படிக்காமலே படிக்க முடிகிறது என்ற நிலைக்கு ஒருவன் வந்துவிட்டால், அவனைத்தான் ஊரில் அனுபவசாலி என்கிறார்கள். அதனால் உன் பிள்ளைகளிடம் சொல், களைத்துப்போன நாளைவிடக் கை தானாக ஓடுகிற நாளைப் பார்த்துப் பயப்படச் சொல். இன்னொன்றும் இருக்கிறது. உன் வகுப்பில் எல்லோரும் தங்கள் மூச்சையும் தங்கள் மனதையும் தங்கள் தோள்பட்டை இறுக்கத்தையும் கவனிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் என் மேஜைக்கு எதிரே எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எழுத்து தெரியாது, அவருடைய வீடு வாசல் எல்லாம் நான் அடுத்து எழுதும் வரியில் இருக்கும். இன்னொரு தடவை படியுங்கள் என்று பழனியம்மா கேட்டபோது நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருந்தால், அவர் எந்த வரிக்காகக் கேட்கிறார் என்பது தெரிந்திருக்கும், தேடியிருப்பேன். உன் கூடத்தில் இருபது பேர் கண்ணை மூடி உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் பின்னால் ஒருவர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்குகிறார். கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற பயிற்சி ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அதை முதல் கட்டத்திலேயே வைக்கலாம்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. நீயும் காகிதத்தைப் பார்த்துத்தான் பூட்டினாய். அந்தக் காகிதத்தை எழுதியது நான். மாரப்பன் இல்லை, நிலம் இப்போது உன்னுடையது, ஆகவே அந்தத் தடத்தை எழுதிக் கொடுக்கக்கூடியவன் நீ ஒருவன்தான்.

உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததை முழுவதும் பிரமாணப் பத்திரமாக எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, பழனியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வழக்கு என்று போனால் அவருக்கு முதல் சாட்சி நான். உன் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்வார், கெட்டிக்காரர் என்று நீ சொல்லியிருக்கிறாய், நானும் பார்க்க ஆவலாகத்தான் இருக்கிறேன். அதை வாங்கிக்கொள்ளும்போது பழனியம்மா, "பெத்த பையன் மேல கேசு போடறதுக்கு எங்கிட்டயே எழுதிக் குடுக்கறீங்களா" என்று கேட்டார். பையன் கேஸ் வரைக்கும் விடமாட்டான் என்றேன். அப்படிச் சொல்வதற்கு என்னிடம் எந்த ஆவணமும் இல்லை.

பிறகு நீ எழுதிக் கொடுக்க வேண்டிய பத்திரத்துக்கு வரைவு எழுதினேன். பழையது எதையும் திறக்கவில்லை, வெறும் காகிதத்தில் கையால் எழுதினேன். முதலில், உன் மனமுவந்து, அண்டை நிலத்துக்காரர் நலன் கருதி, இந்தத் தடத்தைக் கொடுப்பதாக எழுதியிருந்தேன். உனக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். அதைப் படித்ததும் பழனியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தானமாக் குடுத்த மாதிரி எழுதாதீங்க ரைட்டரண்ணா. அது எனக்கு அன்னிக்கே குடுத்தது. எப்பிடி வுட்டுப் போச்சோ அப்பிடியே எழுதுங்க."

அப்படி எழுதினால் அது பதிவாகும். பதிவானதை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், எத்தனை வருஷம் கழித்தும் எடுக்கலாம். தப்பில்லாமல் எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியதைத் தவிர நான் இந்தத் தொழிலில் வேறு எதையும் சம்பாதிக்கவில்லை, அது உனக்குத் தெரியும். அவரிடம் ஒருநாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். தை பிறக்கப் பதினெட்டு நாள் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். ஆதார் அட்டையின் அசலையும் கேட்டின் சாவியையும் எடுத்துக்கொண்டு வா. மூன்றாவது பத்தியை மட்டும் உன் வக்கீல் மாற்றச் சொல்வார், குடும்பத்துக்கு நல்லதில்லை என்பார். மாற்ற விடாதே. அது இப்படி இருக்கிறது:

"மேற்படி தடப்பாத்தியமானது, கிரயப் பத்திரம் எழுதிய நாளிலேயே இரு தரப்பாரும் பேசி ஒப்புக்கொண்டு, படித்துக் காட்டக் கேட்டதாகும். அது பத்திரத்தில் இடம்பெறாமல் போனது விற்றவரின் குற்றமுமல்ல, வாங்கியவரின் குற்றமுமல்ல. இதை எழுதிக் கொடுக்கும் என்னுடைய தகப்பனாரும் மேற்படி பத்திரத்தை எழுதியவருமான பத்திர எழுத்தரின் கவனக்குறைவே அதற்குக் காரணம்."

இப்படிக்கு,
அப்பா